ஸ்பிரிங் பூட்டில் கூகுள் லாகின்: 'ரீடைரக்ட் யூஆர்ஐ மிஸ்மேட்ச்' வந்தால் என்ன செய்வது?

பெங்களூரு பொம்மனஹள்ளியில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்காக ஒரு சின்னத் தமிழ் நூலகம் நடத்துகிறோம். யார் எந்தப் புத்தகத்தை எடுத்தார்கள் என்று குறித்து வைக்க ஜாவாவில், ஸ்பிரிங் பூட் என்ற கட்டமைப்பை வைத்து ஒரு செயலி எழுதினேன். பெற்றோர் இன்னொரு பாஸ்வேர்டை நினைவில் வைக்க வேண்டாமே என்று கூகுள் லாகின் சேர்த்தேன். லேப்டாப்பில் ஓடியது, சர்வரில் ஏற்றியதும் 'பிழை 400: ரீடைரக்ட் யூஆர்ஐ மிஸ்மேட்ச்' என்று நின்றுவிட்டது. லாகின் முடிந்ததும் கூகுள் நம் செயலிக்குத் திருப்பி அனுப்ப வேண்டிய முகவரிதான் ரீடைரக்ட் யூஆர்ஐ. கூகுள் தரும் கிளையன்ட் ஐடி, சீக்ரெட் இரண்டையும் ஏற்கெனவே செயலியின் செட்டிங்ஸில் போட்டுவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

படி 1: செயலி அனுப்பும் முகவரியைப் பாருங்கள்

கோடில் கை வைக்கும் முன் இதைச் செய்யுங்கள். குரோமில் இன்காக்னிட்டோ விண்டோ திறந்து, டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், 'ப்ரிசர்வ் லாக்' பெட்டியை டிக் செய்யுங்கள். அதை விட்டால் பக்கம் மாறியதும் பதிவெல்லாம் அழிந்துவிடும். இப்போது லாகின் பட்டனை அழுத்தி, கூகுளுக்குப் போகும் முதல் கோரிக்கையின் பேலோடில் 'ரீடைரக்ட் யூஆர்ஐ' வரியைப் படியுங்கள். எங்கள் தளம் 'எச்டிடிபிஎஸ்'. அங்கே இருந்ததோ வெறும் 'எச்டிடிபி'. கூகுள் கிளவுட் கன்சோலில் நாம் பதிந்த முகவரியும் இதுவும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். கடைசியில் ஒரு சாய்கோடு கூடினாலும் கூகுள் ஏற்காது.

படி 2: அந்த 'எஸ்' எங்கே போனது?

எச்டிடிபிஎஸ், செயலிக்கு முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸோடு முடிந்துவிடுகிறது. அங்கிருந்து 8080 போர்ட்டில் நம் செயலியை ஓட்டும் டாம்கேட்டுக்குச் சாதாரண எச்டிடிபியில்தான் கோரிக்கை போகிறது. ஸ்பிரிங்கில் லாகினைக் கவனிக்கும் பகுதியான ஸ்பிரிங் செக்யூரிட்டி தனக்கு வந்த கோரிக்கையை வைத்தே திரும்பி வரும் முகவரியைக் கட்டுகிறது. வெளியே எச்டிடிபிஎஸ் இருப்பது அதற்கு எப்படித் தெரியும்? நாம்தான் சொல்ல வேண்டும், அதுவும் இரண்டு இடத்தில்.

என்ஜின்எக்ஸில் 'எக்ஸ்-ஃபார்வர்டட்-புரோட்டோ' ஹெடரையும் அசல் 'ஹோஸ்ட்' ஹெடரையும் அனுப்புங்கள். ஹோஸ்டை விட்டால் தளத்தின் பெயருக்குப் பதில் லோக்கல்ஹோஸ்ட் போய் நிற்கும். அப்புறம் ஸ்பிரிங் பூட்டில் 'ஃபார்வர்ட் ஹெடர்ஸ் ஸ்ட்ராட்டஜி' என்ற செட்டிங்குக்கு 'ஃப்ரேம்வொர்க்' என்று மதிப்பு கொடுங்கள். இது 2.2 பதிப்பிலிருந்து உண்டு. 8080 போர்ட்டை வெளியிலிருந்து யாரும் தொட முடியாதபடி அடைத்துவிடுங்கள். இல்லையென்றால் அந்த ஹெடரை யார் வேண்டுமானாலும் பொய்யாக அனுப்பலாம்.

முழு முகவரியையும் செட்டிங்ஸில் நேரடியாக எழுதிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. லேப்டாப்புக்கு ஒன்று, சர்வருக்கு ஒன்று என்று பராமரிக்க வேண்டிவரும். செயலி செய்யும் மற்ற ரீடைரக்டுகள் அப்போதும் எச்டிடிபிக்கே போகும்.

கன்சோலில் முகவரியை மாற்றினால் நடைமுறைக்கு வரச் சில நிமிடங்கள் ஆகும், சில நேரம் மணிக்கணக்கிலும் ஆகும். உடனே வேலை செய்யவில்லை என்று மறுபடி மறுபடி மாற்றாதீர்கள்.

படி 3: கூகுள் விட்டது, ஸ்பிரிங் விடவில்லை

கூகுள் திருப்பி அனுப்பிய பிறகு 'ஆத்தரைசேஷன் ரிக்வெஸ்ட் நாட் ஃபவுண்ட்' வந்தால், லாகினைத் தொடங்கியது யார் என்று செயலி குறித்து வைத்திருந்த செஷன் தொலைந்துவிட்டது என்று பொருள். அந்த செஷனை அடையாளம் காட்டுவது பிரவுசர் அனுப்பும் குக்கி. 127.0.0.1 என்று திறந்து லோக்கல்ஹோஸ்டுக்குத் திரும்பினால் குக்கி உடன் வராது. வேறு தளத்திலிருந்து வரும்போது குக்கியை அனுப்பலாமா என்று சொல்லும் 'சேம்சைட்' மதிப்பு 'ஸ்ட்ரிக்ட்' என்றிருந்தாலும் இதே கதைதான், 'லாக்ஸ்' போதும். செயலி இரண்டு சர்வரில் ஓடினால் செஷனை, இரண்டுக்கும் பொதுவான சேமிப்பாக ரெடிஸில் வையுங்கள். டீபக்கரில் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதைவிட, ஸ்பிரிங் செக்யூரிட்டியின் லாக் அளவை மிக விரிவான 'ட்ரேஸ்' ஆக்கிப் படிப்பதே எனக்குப் பிடிக்கும்.

பின்சேர்க்கை

ஓசூரிலிருந்து ஒரு வாசகர், தன் கணக்கில் மட்டும் லாகின் ஆகிறது, நண்பர்களுக்கு 403 வருகிறது என்று கமென்ட்டில் கேட்டிருந்தார். அவர் செயலி கூகுள் காலண்டர் அனுமதியும் கேட்கிறது, கன்சோலில் இன்னும் 'டெஸ்டிங்' நிலையில் இருக்கிறது. அந்த நிலையில் டெஸ்ட் யூசர் பட்டியலில் சேர்த்தவர்கள்தான் நுழைய முடியும். 100 பேர் வரை சேர்க்கலாம். மறுபடி லாகின் செய்யாமலே அனுமதியைப் புதுப்பிக்க உதவும் ரெஃப்ரெஷ் டோக்கனும் 7 நாளில் காலாவதியாகும்.

இன்னொருவர் லாகின் பக்கத்தை ஆண்ட்ராய்டு செயலிக்குள்ளேயே இணையப் பக்கம் காட்டும் வெப்வியூவில் திறந்து 'டிஸ்அலவ்டு யூசர்ஏஜென்ட்' பிழையை வாங்கியிருக்கிறார். வெப்வியூவில் லாகின் செய்வதை கூகுள் அனுமதிப்பதில்லை. சர்வரில் எதையும் மாற்ற வேண்டாம். லாகின் பக்கத்தை போனின் பிரவுசரிலோ குரோம் கஸ்டம் டேபிலோ திறக்கும்படி செய்யுங்கள்.