ஒளிப்படத் திருத்த மென்பொருள்: எதற்குப் பணம் கொடுக்கலாம்?

திருத்த மென்பொருளைத் தேடுபவர் விலையைப் பார்க்கும் முன், தம் கேமரா எந்த வடிவில் கோப்பைச் சேமிக்கிறது, திருத்திய படம் இறுதியில் எங்கே போகப்போகிறது என்ற இரண்டையும் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. கைபேசியில் எடுத்துக் கைபேசியிலேயே பகிர்பவருக்குக் கூகுளின் இலவசச் செயலியான ஸ்னாப்சீட் போதும். அவர் கணினி மென்பொருளுக்குச் சந்தா கட்டுவது வீண்செலவு.

கேமரா பதிவுசெய்த தரவைப் பதப்படுத்தாமல் வைத்திருக்கும் ரா (RAW) கோப்பில் படம் எடுக்கத் தொடங்கியவரின் தேவை வேறு. ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு வண்ணத்திற்கும் 256 படிநிலைகளே உள்ளன. 14 பிட் ரா கோப்பிலோ 16,384 படிநிலைகள் இருப்பதால், இருண்டுபோன முகத்தையும் வெளிறிய வானத்தையும் பெருமளவு மீட்டெடுக்க முடிகிறது. இந்த வேலைக்கு டார்க்டேபிள், ராதெரபீ ஆகிய இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. திறனில் குறைவில்லாத டார்க்டேபிளில் கருவிகள் ஏராளம் என்பதால், புதியவர் முதலில் திணறத்தான் செய்வார். பொறுமை இல்லாதவருக்கு அடோபியின் லைட்ரூம் எளிது. ஆனால் அது சந்தாவில் இயங்குவது. லைட்ரூம் கிளாசிக்கில் சந்தா நின்றபின் பழைய படங்களைப் பார்க்கவும் ஏற்றுமதி செய்யவும் இயலுமே தவிர, படத்தைத் திருத்தும் டெவலப் பகுதி திறக்காது.

பின்னணியை மாற்றுவது, பல படங்களை இணைப்பது போன்ற, படத்தின் பகுதிகளைத் தனித்தனி அடுக்குகளாக (layers) வைத்துச் செய்யும் வேலைகளுக்கு 1996 முதல் இலவசமாகக் கிடைத்துவரும் கிம்ப் பெரும்பாலோருக்குப் போதுமானது. 2025இல் வெளிவந்த அதன் 3.0 பதிப்பில், ஒருமுறை இட்ட வடிகட்டியை (filter) பின்னர் மாற்றியமைக்கும் வசதியும் வந்துவிட்டது. எனினும் அது திரைக்கான ஆர்ஜிபி (RGB) வண்ண முறையிலேயே இயங்குவதால், அச்சு மைகளுக்கான சிஎம்ஒய்கே (CMYK) வண்ண முறைக் கோப்பிலேயே நேரடியாக வேலை செய்ய வேண்டிய அச்சுப் பணிகளுக்குப் பொருந்தாது. அத்தகைய பணிக்கு, 2025 இறுதியில் இலவசமாக்கப்பட்ட அஃபினிட்டியை முதலில் முயலலாம். ஆல்பம் வடிவமைப்பாளரோடு ஃபோட்டோஷாப்பின் சொந்த வடிவமான பிஎஸ்டி (PSD) கோப்புகளை அன்றாடம் பரிமாறிக்கொள்ளும் தொழில்முறையாளருக்கு மட்டும் ஃபோட்டோஷாப் சந்தா நியாயமான செலவு என்பேன். பிற மென்பொருள்களில் அக்கோப்புகள் திறந்தாலும், சில அடுக்குகள் உருமாறிவிடக்கூடும். எப்போதாவது வரும் பிஎஸ்டி கோப்பை உலாவியிலேயே திறக்க ஃபோட்டோபீ இருக்கிறது. இத்தனை இலவச வழிகள் இருக்கும்போது, வைரஸ் ஒளிந்திருக்கக்கூடிய கள்ளப் பிரதியை நாடுவதற்குக் காரணமே இல்லை.

முடிவெடுக்கும் முன், உங்களிடமுள்ள கடினமான படம் ஒன்றை இரு மென்பொருள்களில் திருத்திப் பாருங்கள். திருத்தங்கள் எங்கே சேமிக்கப்படுகின்றன என்பதையும் கவனியுங்கள். டார்க்டேபிள் மூலக் கோப்பைத் தொடாமல் அருகிலேயே எக்ஸ்எம்பி கோப்பு ஒன்றில் அவற்றை எழுதிவைக்கும். படங்களை வேறு வட்டுக்கு நகர்த்தும்போது அந்தச் சிறு கோப்புகளையும் சேர்த்தே நகர்த்த வேண்டும்.