கொல்லையில் ஒரு சதுப்பு: பூச்சியுண்ணும் செடிகளுக்குப் பாத்தி அமைக்கும் முறை

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் பூச்சியுண்ணும் செடிகளுக்கென்று சதுப்புப் பாத்தி போட்டு இது மூன்றாவது மழைக்காலம். முதல் பாத்தியில் நட்ட ஏழு செடிகளில் ஆறு, இரண்டே மாதத்தில் கருகிவிட்டன. குளிரைச் சந்தேகித்தேன், வெயிலைச் சந்தேகித்தேன். குற்றவாளி தென்னை நார்த்தூள். எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டிவிட்டு மறுபடி செய்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் செடிகள் பூச்சி பிடிப்பதே மண்ணில் நைட்ரஜனும் பாஸ்பரசும் கிடைக்காததால்தான். தொழு உரம், மண்புழு உரம், சாம்பல், செம்மண் எதுவும் பாத்திக்குள் போகக் கூடாது. செடி வாடினால் ஒரு பிடி எரு போடுவது நமக்குப் பழகிப்போன வழக்கம். இங்கே அந்த ஒரு பிடி போதும், வேர் வெந்துவிடும்.

குழி

ஒரு நாளில் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழும் இடமாகப் பாருங்கள். என் குழி 4 அடி நீளம், 3 அடி அகலம், ஒன்றேகால் அடி ஆழம். நம் மலையில் சமதளம் கிடைப்பது அரிது. ஆகவே நான்கு விளிம்புகளும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று ஒரு நீளப் பலகையின் மேல் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சரிந்திருந்தால் அங்கே நீர் தேங்கும், எதிர்ப்பக்கம் காயும். கூரான கல், வேர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பழைய சாக்கை இரண்டு அடுக்காக விரியுங்கள்.

அதன் மேல் பண்ணைக்குட்டைக்குப் போடும் 500 மைக்ரான் கறுப்பு விரிப்பு. நீலத் தார்ப்பாய் வேண்டவே வேண்டாம், வெயிலில் நார்நாராகப் பிரிந்துவிடும். சிமெண்டுத் தொட்டியும் ஆகாது, சுண்ணாம்பு கசியும். விரிப்பின் அடியில் ஓட்டை போடாதீர்கள். மேல்மட்டத்திலிருந்து நான்கு அங்குலம் கீழே, பக்கவாட்டில், அரை அடிக்கு ஒன்றாகப் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை விடாமல் கொட்டும்போது மிகுதி நீர் அந்த வழியாக வடியும். இல்லையென்றால் குருத்து மூழ்கி அழுகிவிடும்.

நார்த்தூள்

இந்தச் செடிகளுக்கு உலகெங்கும் பயன்படுவது பீட் பாசி, அதாவது சதுப்பில் பாதி மக்கிப் படிந்த பாசி. இறக்குமதிச் சரக்கு கிடைத்து, விலையும் கட்டுபடியானால் அதையே வாங்குங்கள். ஆனால் நம் மலைச் சதுப்புகளிலிருந்து பீட்டைத் தோண்டி எடுக்கும் எண்ணமே வேண்டாம். நீலகிரியின் சாண்டிநல்லா பள்ளத்தாக்கிலுள்ள பீட் படிவுகளில் இருபதாயிரம் ஆண்டுகளுக்கும் மேலான தட்பவெப்ப வரலாறு அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. ஒரு கூடை அள்ளினாலும் அது திரும்ப வராது.

நான் பயன்படுத்துவது 5 கிலோ நார்த்தூள் கட்டி. சிக்கல் என்னவென்றால், நார்த்தூளில் சோடியமும் பொட்டாசியமும் உப்பாகத் தங்கியிருக்கும். இதை அறிந்துதான் முதல் முறையும் கழுவினேன். முதல் நீர் கடுங்காப்பி நிறத்தில் வந்தது, மூன்றாவது நீர் வெளிர்ந்த தேநீர் போல வந்தது. சுத்தமாகிவிட்டது என்று நிரப்பிவிட்டேன். தவறு அங்கேதான். நிறம் போவதும் உப்பு போவதும் ஒன்றல்ல. பின்னர் நீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் வாங்கி அதே அளவு வெளிர்ந்த நீரில் வைத்துப் பார்த்தபோது 240 காட்டியது. 50க்குக் கீழே வர வேண்டும்.

இப்போது செய்வது இதுதான். கட்டியை மழைநீரில் ஊறவிட்டு, உதிர்ந்த தூளை வெங்காய வலைச்சாக்கில் துணி வைத்துக் கட்டுகிறேன். டிரம்மில் இரவு முழுவதும் ஊறப்போட்டு, காலையில் தூக்கிக் கல்லை ஏற்றிப் பிழிகிறேன். பிழிந்த நீரில் மீட்டரை வைக்கிறேன். எனக்கு ஏழு முறை ஆனது. அவசரப்படாதீர்கள். இந்தப் பாத்தியில் மீட்டரைவிட முக்கியமான கருவி கிடையாது. மண்வெட்டியைக் கூட இரவல் வாங்கிக்கொள்ளலாம். கடையில் ‘பஃபர் செய்தது’ என்று விற்பதை வாங்காதீர்கள். அது கால்சியம் நைட்ரேட்டில் ஊறியது, நமக்கு வேண்டாத இரண்டும் அதில் இருக்கின்றன.

இரண்டு பங்கு நார்த்தூளுக்கு ஒரு பங்கு குவார்ட்ஸ் மணல், தண்ணீர் வடிகட்டிகளில் போடும் வகை. கடல் மணல் கூடாது. ஐயமிருந்தால் ஒரு பிடி மணலில் வினிகர் விடுங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது.

நிரப்பும்போதே ஒரு மூலையில் இரண்டு அங்குல பிவிசி குழாயை, பக்கவாட்டில் துளைகளிட்டு, நட்டுவிடுங்கள். நீர்மட்டத்தைப் பார்க்கவும் மீட்டரை இறக்கவும் அதுவே கிணறு. நிரப்பியபின் ஒரு மாதம் காத்திருந்து, குழாய் நீர் 50க்குக் கீழே நின்றால் மட்டும் நடுங்கள்.

நீரும் செடியும்

மழைநீர் மட்டுமே ஊற்ற வேண்டும். மாசி முதல் சித்திரை வரை தட்டுப்பாடு வந்தால் ஆர்ஓ நீர்.

முதலில், இலை மயிரின் பசையில் பூச்சியை ஒட்டிப் பிடிக்கும் டிரோசிரா கேபென்சிஸ் வையுங்கள். உறைபனியில் இலை கருகினாலும் வேரிலிருந்து துளிர்க்கும். அடுத்து குடுவை போன்ற இலையுள்ள சாரசீனியா, பிறகு இலையை மூடிப் பூச்சி பிடிக்கும் டயோனியா (வீனஸ் ஃபிளைடிராப்). பின் இரண்டும் வட அமெரிக்கச் செடிகள், குளிர்கால உறக்கம் இல்லாமல் நீடிக்காதவை. சென்னையில் தடுமாறுகிறவர்களுக்குக் கிடைக்காத மார்கழிக் குளிர் நமக்குக் கேட்காமலே கிடைக்கிறது. தீனி ஊட்ட வேண்டாம். முதல் மழைக்குப் பின் ஈசல் கிளம்பிய மாலையில் டிரோசிரா இலை ஒன்றைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சிறகு ஒட்டியது. சிவந்த மயிர்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. விடிவதற்குள் இலையே ஈசலைச் சுற்றி மடங்கியிருந்தது.

மழை தொடங்கியதும் நம் புல்வெளிகளிலேயே டிரோசிரா பெல்டாட்டா தலைகாட்டும். அதைப் பிடுங்கி வராதீர்கள். காப்புக்காட்டில் அது குற்றம். கோடையில் நிலத்தடிக் கிழங்காக உறங்கும் அந்தச் செடி எப்போதும் ஈரமான இந்தப் பாத்தியில் அழுகியும் போகும்.

பிற்சேர்க்கை

இதை முன்பு படித்துவிட்டுக் கொடைக்கானலிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: மேலே பச்சைப் பாசி படர்கிறது, என்ன செய்வது? குழாய் நீரை அளந்தபோது 110. சிமெண்டு ஓட்டுக் கூரையிலிருந்து மழைநீர் பிடித்திருக்கிறார். வேறு கூரையிலிருந்து பிடித்ததும் அளவு இறங்கிவிட்டது.

சென்ற தை மாதம் ஒரு காட்டெருமை பாத்திக்குள் கால் வைத்து விரிப்பைக் கிழித்துவிட்டது. இப்போதைய பாத்தி சமையலறைச் சுவரும் கற்சுவரும் சேரும் மூலையில் இருக்கிறது. காட்டெருமை வரும் ஊரென்றால் திறந்த இடத்தில் தோண்டாதீர்கள்.

கேபென்சிஸ் பூத்தால் விதை தூள்போல் ஏராளமாகச் சிந்தும். வெளிநாட்டிலிருந்து வந்து பரவிய சீகை (வாட்டில்) மரமும் ஸ்காட்ச் புரூம் புதரும் நம் புல்வெளிகளை என்ன செய்தன என்பதைக் கண்ணால் பார்க்கிறோம். பூந்தண்டு நான்கு விரற்கடை உயர்ந்ததுமே நறுக்கி அடுப்பில் போட்டுவிடுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.