பெபோக் பாக்டீரியா தட்டில் படர்வதைப் பார்ப்பது எப்படி?

ஷான்காரர்கள் சோயாவைப் புளிக்கவைத்து, வட்டமாகத் தட்டிக் காயவைக்கும் பெபோக் ரங்கூன் கடைத்தெருவில் எளிதாகக் கிடைக்கும். அதைப் புளிக்கவைப்பது பாசில்லஸ் சப்டிலிஸ். வால் போன்ற கசையிழைகளைச் சுழற்றிக்கொண்டு கூட்டமாக நகரும் பாக்டீரியா இது. ஆய்வுக்கூடங்களில் பல காலம் வளர்த்த 168 என்ற ரகம் இப்படிப் படரும் திறனை இழந்துவிட்டது. அதனால் வாங்கிய ரகத்தைவிட எனக்குப் பெபோக்தான் பிடிக்கும்.

உப்பில்லாத, கொழுப்பு நீக்கி வடிகட்டிய கோழிச் சாறு 100 மில்லி, அகர் அகர் தூள் 0.7 கிராம். கியாக்கியோ ஜெல்லி செய்ய வாங்கும் அதே தூள்தான். இழையாக வரும் கடல்பாசி வேண்டாம், அளவு பிடிபடாது. நகைத் தராசில் நிறுங்கள். 0.3 கிராம் போட்டால் பாக்டீரியா உள்ளே புகுந்து நீந்தும், 1.5 போட்டால் வைத்த இடத்திலேயே குவியும். சமையலுக்குப் பயன்படுத்தாத பழைய குக்கரில் அகர் கலந்த சாற்றையும் மூடியுள்ள கண்ணாடித் தட்டுகளையும் 20 நிமிடம் வேகவிட்டு, கை பொறுக்கும் சூட்டில் ஊற்றுங்கள்.

பெபோக் துணுக்கைக் கொதித்து ஆறிய நீரில் கரைத்து 80 டிகிரியில் 10 நிமிடம் வையுங்கள். மற்றவை பெரும்பாலும் செத்துவிடும், இதன் சூடு தாங்கும் வித்துகள் (ஸ்போர்கள்) பிழைக்கும்.

இனிதான் நான் இரண்டு மழைக்காலம் தவித்த இடம். மூடியில் கோத்த நீர் சொட்டி, பாக்டீரியா அந்த நீரோடு வழிந்திருந்தது. அதையே படர்வு என்று நம்பி ஏமாந்தேன். பாக்டீரியாவுக்கு மெல்லிய நீர்ப்படலம் போதும். அது வெளியிடும் சர்ஃபாக்டின் என்ற சோப்பு போன்ற பொருள் நீரின் பரப்பிழுவிசையைக் குறைத்து வழி திறக்கும். எனவே தட்டு உறைந்ததும் மூடியை எடுத்துவிட்டு, காற்றாடியைப் போடாமல், 20 நிமிடம் உலரவிடுங்கள். சாய்த்துப் பார்த்தால் மினுக்க வேண்டும், நீர் ஓடக்கூடாது. அப்புறம் நடுவில் அந்தப் பெபோக் நீரில் பல்குச்சி நுனியளவு துளி வைத்து மூடி, ஓரத்தில் டேப் ஒட்டுங்கள். கவிழ்க்க வேண்டாம்.

நம்மூர் வெக்கையே போதும், கரண்ட் போனாலும் கவலையில்லை. மறுநாள் பாருங்கள்: படர்வின் விளிம்புக்கு முன்னால் கண்ணாடி போல ஒரு வளையம் தெரிந்தால் அது சர்ஃபாக்டின். எனக்கு அதைப் பார்த்த காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. தட்டைத் திறக்கவே கூடாது. பெபோக்கில் வேறு கிருமியும் இருக்கலாம். பார்த்து முடித்ததும் அப்படியே குக்கரில் 30 நிமிடம் வேகவைத்துக் கொட்டுங்கள்.

பின்சேர்க்கை: மாண்டலேயிலிருந்து ஒரு தங்கை, துளி வைத்த இடத்திலேயே நின்றுவிட்டது என்று எழுதினார். அங்கே காற்று வறண்டது, 20 நிமிடம் அதிகம். 8 நிமிடமாகக் குறைத்து, டப்பாவுக்குள் ஈரத்துணியோடு வைக்கச் சொன்னேன். படர்ந்துவிட்டதாம்.