வயல்வெளிக் குன்றுகளின் உச்சியைத் தொடுவது எப்படி? பிரிட்டனில் புதிதாகத் தொடங்குவோருக்கு

மலையேற்றம் என்றதும் பாறையும் பனியும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். நான் இங்கே சொல்லப்போகும் உச்சிகள் கோதுமை வயலின் நடுவிலும், உயிர்வேலியின் அடியிலும், மாடு மேயும் புல்வெளியிலும் இருக்கின்றன. அரை நாளில் போய்த் திரும்பிவிடலாம். மூச்சு வாங்காது. ஆனால் சரியான இடத்தில், சரியான மாதத்தில், யாருக்கும் தொல்லை தராமல் நிற்பதற்கு முன்கூட்டியே செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. அந்த வேலைதான் எனக்கு இந்தப் பொழுதுபோக்கின் பெரிய சுவை. வரைபடம் பார்க்கவும் திசை அறியவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எதைக் குன்று என்று கணக்கில் கொள்வது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பது இங்கே முக்கியமில்லை. ஓர் உச்சியிலிருந்து அதைவிட உயரமான இன்னொரு இடத்துக்குப் போக, எந்த வழியில் போனாலும் குறைந்தது எத்தனை மீட்டர் இறங்கியாக வேண்டும் என்பதே அளவுகோல். இதைத் தனி உயரம் என்று சொல்கிறேன். 150 மீட்டர் தனி உயரம் உள்ள குன்றுகளை 1992இல் ஆலன் டாசன் பட்டியலிட்டார். அவை மேரிலின்கள், ஏறத்தாழ 1550 இருக்கின்றன. 100 மீட்டர் இருந்தால் ஹம்ப். 30 மீட்டர் இருந்தாலே டம்ப். இந்த வகையில் பத்தாயிரத்துக்கும் மேல் உண்டு. தாழ்நிலப் பகுதிகளில் இவற்றில் ஏராளமானவை விளைநிலத்தில் கிடக்கின்றன. மேரிலின்களிலும் அப்படிச் சில உண்டு. லிங்கன்ஷயரின் வோல்ட்ஸ் டாப் 168 மீட்டர்தான். சுற்றிலும் உழவு நிலம்.

படி 1: குன்றைத் தேர்ந்தெடுங்கள்

'ஹில் பேகிங்' என்ற இணையதளத்தில் எல்லாப் பட்டியல்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கே குன்றின் பெயரைவிட இரண்டு தகவல்களைக் கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, உச்சியின் கட்டக் குறியீடு, அதாவது வரைபடக் கட்டத்தில் அது இருக்கும் இடத்தைச் சொல்லும் எழுத்தும் எண்ணும். இரண்டு எழுத்துகளுக்குப் பின் ஆறு இலக்கம் இருந்தால் அது 100 மீட்டர் சதுரத்தைக் காட்டுகிறது. எட்டு இலக்கம் 10 மீட்டர். பத்து இலக்கம் 1 மீட்டர். ஆறு இலக்கத்தோடு வயலுக்குப் போவது வீண். இரண்டாவது, உச்சி எப்படி இருக்கும் என்ற குறிப்பு. 'நில அளவைத் தூணுக்கு வடக்கே ஐந்து மீட்டரில் உள்ள தரை' என்றோ, 'அடையாளம் ஏதுமில்லை, வயலில் உள்ள தரை' என்றோ இருக்கும். அந்த ஒரு வரி மிகவும் உதவும்.

படி 2: போக வழி இருக்கிறதா?

பிரிட்டனின் தேசிய நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 எக்ஸ்ப்ளோரர் வரைபடம்தான் வேண்டும். 1:50,000 அளவுள்ள லேண்ட்ரேஞ்சரில் வயல் எல்லைகள் இருக்காது. வயல் எல்லை தெரியாமல் இந்தப் பொழுதுபோக்கே இல்லை. ஃபோன் செயலி வசதிதான். இருந்தாலும் நான் காகிதத்தை விடமாட்டேன். விவசாயியிடம் பேசும்போது வரைபடத்தை விரித்து, 'இந்த வயல்தானே?' என்று விரலால் தொட்டுக் கேட்பதற்கு அதைவிட நல்ல கருவி கிடையாது.

எக்ஸ்ப்ளோரரில் பச்சைக் கோடுகளாகத் தெரிவது பொதுப் பாதை. சிறு கோடுகள் நடப்போருக்கு. நீண்ட கோடுகள் குதிரையில் வருவோருக்கும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2000ஆம் ஆண்டுச் சட்டம் மலை, தரிசு, புதர்க்காடு, பொது நிலம் போன்றவற்றில் சுற்றித் திரியும் உரிமையைத் தந்தது. உழும் நிலத்துக்கு அந்த உரிமை இல்லை. பாதையிலிருந்து விலகி உச்சிக்குப் போனால் அது அத்துமீறல். பெரும்பாலும் அது சிவில் விவகாரம் என்றாலும், உரிமையாளர் வெளியேறச் சொன்னால் வெளியேறித்தான் ஆக வேண்டும். ஸ்காட்லாந்தில் நிலைமை வேறு. 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் பெரும்பாலான நிலங்களில் பொறுப்போடு நடக்கும் உரிமையைத் தருகிறது. விதைத்த அல்லது பயிர் நிற்கும் நிலமும், வீடு, தொழுவம் சார்ந்த முற்றமும் விலக்கு. வயலின் ஓரத்தில் பயிரில்லாத விளிம்பு அந்த விலக்கில் சேராது, அங்கே நடக்கலாம்.

நார்த்தாம்ப்டன்ஷயரின் ஆர்பரி ஹில்லை எடுத்துக்கொள்ளுங்கள். 225 மீட்டர் உயரம், தனியார் பண்ணை நிலம். பொதுப் பாதை உச்சிவரை வருவதில்லை. இப்படிப்பட்ட குன்றுக்கு அனுமதி கேட்டுத்தான் போக வேண்டும்.

படி 3: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

இங்கே அவசரப்படாதீர்கள். மலைக்குப் போகிறவர்கள் வானிலை பார்க்கிறார்கள். நாம் பயிர் பார்க்க வேண்டும்.

குளிர்காலக் கோதுமையை செப்டம்பர், அக்டோபரில் விதைக்கிறார்கள், ஆகஸ்ட் வாக்கில் அறுக்கிறார்கள். எண்ணெய்க்காக வளர்க்கும் ரேப் என்ற கடுகு இனப் பயிர் ஜூலையிலேயே அறுவடைக்கு வந்துவிடும். மக்காச்சோளம் செப்டம்பர், அக்டோபர் வரை நிற்கும். அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் இடையே அரிதாள் மட்டும் நிற்கும் சில வாரங்கள்தான் வயல் நடுவே உள்ள உச்சிக்கு உகந்த காலம். சில பண்ணைகளில் அந்த இடைவெளி ஒரு வாரம்கூட இருக்காது. ஆகவே வயல் உச்சிகளைத் தனிப் பட்டியலாக வைத்துக்கொண்டு, ஆகஸ்ட் பிறந்ததும் அவற்றை முதலில் முடியுங்கள். மேய்ச்சல் நிலத்தில் உள்ளவை காத்திருக்கலாம்.

முளைத்து விரலளவு நிற்கும் இளம் பயிர் தூரத்திலிருந்து பார்க்கப் புல்லைப் போலவே இருக்கும். குனிந்து பாருங்கள். வரிசை வரிசையாக இருந்தால் அது பயிர். அதில் கால் வைக்காதீர்கள். டிராக்டர் சக்கரத் தடத்தில் நடந்தால் சேதமில்லை என்று பலர் சொல்வார்கள். சேதம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் அனுமதி பெற்றிருந்தால்தான் அந்தத் தடமும் உங்களுக்கு வழி.

உலர்புல்லுக்கும் தீவனத்துக்கும் வளர்க்கும் நெடும்புல்லும் பயிர்தான். மிதித்துச் சாய்ந்த புல்லை இயந்திரம் சரியாக வெட்டாது. புல் அறுத்த பிறகு போங்கள்.

பொதுப் பாதையே வயலுக்குக் குறுக்கே போனால் கவலை வேண்டாம். விவசாயி அதை உழலாம். ஆனால் முதல் உழவுக்குப் பின் 14 நாட்களுக்குள் மீண்டும் நடக்கக்கூடியதாக்கித் தர வேண்டும் என்று இங்கிலாந்து, வேல்ஸ் சட்டம் சொல்கிறது. வயல் நடுவே போகும் நடைபாதை குறைந்தது ஒரு மீட்டர் அகலம் இருக்க வேண்டும். அந்தக் கோட்டிலேயே நேராக நடந்துவிடுங்கள்.

படி 4: கேளுங்கள்

பால் கறக்கும் அதிகாலையையும் பிற்பகலையும் தவிர்த்து, பண்ணை வீட்டுக் கதவைத் தட்டுங்கள். எந்த வயல், எந்த வழி, எவ்வளவு நேரம் என்று மூன்றை மட்டும் சொல்லுங்கள். 'உங்கள் நிலத்தில்தான் இந்தச் சுற்றுவட்டாரத்தின் உயரமான இடம் இருக்கிறது' என்று சொன்னால் பலரின் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன். காளை எந்த வயலில் நிற்கிறது, எங்கே மருந்து தெளித்திருக்கிறது, எந்தக் கதவு திறக்காது என்பதெல்லாம் எந்த வரைபடத்திலும் இல்லை, விவசாயியிடம்தான் இருக்கிறது. வேண்டாம் என்றால் நன்றி சொல்லித் திரும்புங்கள். அறுவடை நாளில் மட்டும் போய் நிற்காதீர்கள்.

படி 5: நடக்கும்போது

கதவு எப்படி இருந்ததோ அப்படியே விடுங்கள். திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி. திறக்க முடியாத கதவில் ஏற வேண்டியிருந்தால் கீல் இருக்கும் பக்கத்தில் ஏறுங்கள். தாழ்ப்பாள் பக்கம் பாரம் ஏறினால் கதவு தொங்கிவிடும்.

கன்றோடு நிற்கும் பசுக்கூட்டம்தான் இந்தப் பொழுதுபோக்கில் உண்மையான ஆபத்து. பசுவுக்கும் கன்றுக்கும் இடையே ஒருபோதும் போகாதீர்கள். சுற்றிப் போக இடமில்லையென்றால் உச்சியை விட்டுவிடுங்கள். நாய் உங்களோடு வந்து, மாடுகள் பாய்ந்தால் நாயை அவிழ்த்துவிட வேண்டும், அது தப்பித்துக்கொள்ளும். பொதுப் பாதை போகும் வயலில் பத்து மாதத்துக்கு மேற்பட்ட பால் இனக் காளையை விடக் கூடாது என்று 1981ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. மற்ற இனக் காளையைப் பசுக்களோடு சேர்த்து விடலாம். ஆகவே 'சட்டம் இருக்கிறது, காளை இருக்காது' என்று நம்பிப் போகாதீர்கள்.

ஒரு பண்ணையிலிருந்து இன்னொன்றுக்குப் போகுமுன் காலணியின் அடியைத் துலக்குங்கள். 2001இல் கோமாரி நோய் பரவியபோது நாடு முழுவதும் நடைபாதைகள் மூடப்பட்டன. பல லட்சம் கால்நடைகள் கொல்லப்பட்டன. அந்த ஆண்டை விவசாயிகள் மறக்கவில்லை.

படி 6: உச்சி எங்கே?

எனக்கு அதிக நேரம் பிடித்த படி இது. பயிர் நிலத்துக் குன்று கவிழ்த்து வைத்த தாம்பாளத்தைப் போல இருக்கும். நடுவில் நின்று பார்த்தால் எந்தப் பக்கம் உயரம் என்று கண்ணுக்குத் தெரியாது. எக்ஸ்ப்ளோரரில் தாழ்நிலச் சம உயரக் கோடுகள் ஐந்து மீட்டர் இடைவெளியில்தான் இருக்கின்றன. கடைசிக் கோட்டுக்குள் மூன்று நான்கு வயல்கள் அடங்கிவிடலாம்.

நில அளவைத் தூணைத் தொட்டுவிட்டு உச்சியைத் தொட்டதாக எண்ணிவிடாதீர்கள். 1936 முதல் ஆர்ட்னன்ஸ் சர்வே கட்டிய அந்தத் தூண்கள் ஒன்றிலிருந்து மற்றொன்று தெரிய வேண்டும் என்பதற்காக நிறுத்தப்பட்டவை. உண்மையான உச்சி அடுத்த வயலில் இருக்கலாம்.

வீட்டிலேயே பாதி வேலையை முடித்துவிடலாம். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை விமானத்திலிருந்து லேசர் மூலம் அளந்த லைடார் தரவை ஒரு மீட்டர் கட்டங்களாக இலவசமாகத் தருகிறது. அதில் இரண்டு வகை உண்டு: மரம், வேலி உட்பட மேற்பரப்பைக் காட்டுவது, அவற்றை நீக்கித் தரையை மட்டும் காட்டுவது. இரண்டாவதை எடுங்கள். முதலாவதை எடுத்தால் உயிர்வேலியின் உச்சாணிக் கிளை உங்கள் 'உச்சி' ஆகிவிடும். உயரத்தில் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் பிழை இருக்கும். அதற்குள் அடங்கும் வித்தியாசத்தை இந்தத் தரவு தீர்த்துவைக்காது.

அப்படி இரண்டு மேடுகள் போட்டியிட்டால் வயலில் கைமட்டமானி உதவும். உள்ளே குமிழி மிதக்கும் சிறு குழாய் அது. என் முறை இதுதான். இரண்டு நடைக்கோல்களை ஒரே நீளத்துக்கு இழுத்துப் பூட்டுங்கள். ஒன்றை முதல் மேட்டில் நிறுத்துங்கள். இரண்டாவது மேட்டில் மற்ற கோலை நிறுத்தி, அதன் தலையில் மட்டமானியை வைத்து, குமிழி நடுவில் நிற்கும்போது முதல் கோலைப் பாருங்கள். பார்வைக் கோடு அதன் தலைக்கு மேலே போனால் நீங்கள் நிற்கும் மேடு உயரம். தலைக்குக் கீழே பட்டால் அந்த மேடு உயரம். பிறகு இடம் மாறி அங்கிருந்து இங்கே பாருங்கள். இந்த இரண்டாவது பார்வையைத் தவிர்க்கவே கூடாது. கருவியில் பிழை இருந்தால் ஒரே திசையில் பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது. இரண்டு பார்வையும் ஒரே மேட்டைச் சொன்னால்தான் முடிவு. நேரம் இல்லாதவர் இரண்டு மேட்டிலும் கால் வைத்துவிட்டு வரலாம். நான் அளந்துவிட்டுத்தான் வருவேன்.

உயிர்வேலியின் அடியில் மண் குவிந்து மேடாகியிருக்கும். இயல்பான தரை எது, குவிந்த மண் எது என்று பிரிப்பது எளிதல்ல. வேலியின் இரு பக்கமும் நின்றுவிடுங்கள்; வேலியை மிதித்து ஏற வேண்டாம்.

பிற்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

ஃபோன் காட்டும் உயரம் வரைபடத்தைவிட ஐம்பது மீட்டர் அளவுக்குக் கூடுதலாக இருக்கிறதே என்று பலர் எழுதினார்கள். ஃபோன் பழுதில்லை. சில செயலிகள் பூமியைக் கணித நீள்வட்டக் கோளமாக வைத்து அளந்த உயரத்தை அப்படியே காட்டுகின்றன. வரைபடமோ 1915 முதல் 1921 வரை கார்ன்வாலின் நியூலினில் அளந்த சராசரிக் கடல்மட்டத்திலிருந்து கணக்கிடுகிறது. பிரிட்டனில் இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் அந்த ஐம்பது. செயலியின் அமைப்பில் கடல்மட்ட உயரத்தைத் தேர்ந்தெடுங்கள். அப்போதும் உச்சியைத் தீர்மானிக்க ஃபோனின் உயரத்தை நம்பாதீர்கள். இடத்தைக் காட்டுவதில் ஐந்து மீட்டர் அளவுக்குத் துல்லியமாக இருந்தாலும் உயரத்தில் அது தடுமாறும்.

ஆட்டுக்குட்டிகள் பிறக்கும் மார்ச், ஏப்ரலில் மேய்ச்சல் நிலத்துக் குன்றுகளுக்குப் போகலாமா என்று ஒருவர் கேட்டார். பொதுப் பாதை உச்சியைத் தொட்டுப் போனால் பாதையை விட்டு விலகாமல், நாயில்லாமல் போகலாம். மற்றவற்றுக்கு அனுமதி கேட்கக்கூட அது நேரமில்லை; அந்த வாரங்களில் விவசாயிகளுக்குத் தூக்கமே கிடையாது. மே மாதம் கடந்த பிறகு கேளுங்கள்.

குன்றின் தலையில் புல் மூடிய நீர்த்தேக்கத் தொட்டி இருந்தால் அதன் மேல் ஏற வேண்டுமா என்பது இன்னொரு கேள்வி. வேண்டாம். தொட்டி மனிதர் கட்டியது. பட்டியல்கள் இயல்பான தரையைத்தான் கணக்கில் கொள்கின்றன. தொட்டியைச் சுற்றிய வேலிக்கு வெளியே உயரமான தரை எது என்று பாருங்கள். இணையதளக் குறிப்பில் பெரும்பாலும் அந்த இடம் தனியே கொடுக்கப்பட்டிருக்கும்.