உலகம் அழிந்த பிறகான படங்கள்: எதிலிருந்து தொடங்குவது, எப்படிப் பார்ப்பது

உலகம் அழிவதைக் காட்டும் படம் வேறு, அழிந்த பிறகு மிஞ்சியவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று காட்டும் படம் வேறு. முதல் வகையில் கட்டடங்கள் சரிந்ததும் வேடிக்கை தீர்ந்துவிடும். இரண்டாவது வகையில் ருசியே சில்லறைச் சாமான்களில்தான் இருக்கிறது. யாரிடம் எத்தனை தோட்டா, தண்ணீர்க் குழாயின் திருகு யார் கையில், பழைய உலகின் எந்தப் பொருள் இப்போது எதற்கு உதவுகிறது? படம் தொடங்கியதும் மனசுக்குள் ஒரே கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள்: இந்த ஊரில் எதற்குத் தட்டுப்பாடு? இருபது நிமிடம் ஓடியும் விடை கண்ணில் படவில்லை என்றால், பெரும்பாலும் அது சுமாரான படம்தான்.

இந்தக் கேள்வியோடு பார்த்துப் பழக மிகச் சரியான படம் ஜார்ஜ் மில்லரின் ‘மேட் மேக்ஸ் 2’ (1981). 1979-இல் வந்த முதல் பாகத்தைப் பார்த்துவிட்டு வரவேண்டிய கட்டாயம் இல்லை. அதில் போலீஸும் கடைத்தெருவும் இன்னும் மிச்சமிருக்கின்றன. முன்கதையை இரண்டாம் பாகமே தொடக்கத்தில் சொல்லிவிடுகிறது. இங்கே தட்டுப்பாடு பெட்ரோலுக்கு. முதல் துரத்தல் முடிந்ததும் நாயகன் என்ன செய்கிறான் என்று கவனியுங்கள். கவிழ்ந்த வண்டியிலிருந்து ஒழுகும் பெட்ரோலைக் கையில் கிடைத்ததைக் கொண்டு ஏந்துகிறான், சிந்தியதைத் துணியில் ஒற்றிப் பிழிகிறான். பிறகு நாய்க்கான உணவு டின்னைத் திறந்து தானே சாப்பிடுகிறான். நாய் அவன் முறை முடியக் காத்திருக்கிறது. அவன் நீட்டி மிரட்டும் துப்பாக்கியில் தோட்டா இருக்கிறதா என்பதிலும் ஒரு கண் வையுங்கள். வசனமே இல்லாமல் ஒரு உலகத்தின் பொருளாதாரம் முழுக்கப் புரிந்துவிடும்.

அடுத்தது ‘மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு’ (2015). அதற்கு முன்னால் டிவியைச் சரிசெய்யுங்கள். முதல் வேலை, அசைவை வழவழப்பாக்கும் ‘மோஷன் ஸ்மூத்திங்’ வசதியை அணைப்பது. ஒவ்வொரு கம்பெனியும் இதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும். பட அமைப்புகளில் ‘மோஷன்’ என்ற சொல் வரும் இடத்தில் தேடுங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் எந்தப் படமும் ஸ்டூடியோவில் எடுத்த டிவி சீரியல் மாதிரி வழவழவென்று தெரியும். இந்தப் படத்துக்கு அது இரட்டைக் கேடு. மில்லர் பல காட்சிகளில் ஃபிரேம் வேகத்தையே கூட்டிக் குறைத்திருக்கிறார். இல்லாத ஃபிரேம்களை டிவி நடுவில் செருகினால் அந்த வெட்டு வேகம் குழைந்துபோகும். இரண்டாவது வேலை, ‘விவிட்’ முறையை விட்டு ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ முறைக்கு வருவது. இதன் இரவுக் காட்சிகள் நமீபியப் பாலைவனத்தில் பட்டப்பகலில் எடுக்கப்பட்டு, பிறகு நீலமாக மாற்றப்பட்டவை. ‘விவிட்’டில் அந்த நீலம் கண்ணைக் குத்தும்.

சுமார் 480 மணி நேரக் காட்சிகளைப் படத்தொகுப்பாளர் மார்கரெட் சிக்சல் இரண்டு மணி நேரமாக வெட்டினார், ஆஸ்கரும் வாங்கினார். வெட்டுகள் இவ்வளவு அடர்த்தியாக வந்தும் ஏன் தலை சுற்றவில்லை? ஒரு துரத்தல் காட்சியை ஒலியை மூடிவிட்டு இரண்டு நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். முகமோ ஆயுதமோ வண்டியோ, முக்கியமானது எப்போதும் சட்டகத்தின் நடுவிலேயே வந்து நிற்கும். கண் அலையவே வேண்டியதில்லை.

‘சில்ட்ரன் ஆஃப் மென்’ (2006) இதற்கு நேரெதிர்; அதில் நடுவில் இருப்பதை மட்டும் பார்த்தால் பாதிப் படம் போய்விடும். கதை நடப்பது 2027-இல். பதினெட்டு வருடமாக உலகத்தில் குழந்தையே பிறக்கவில்லை. இங்கே தட்டுப்பாடு எதிர்காலத்துக்கு. இயக்குநர் அல்ஃபோன்சோ குவாரோன் இதை வசனத்தில் விளக்குவதைவிடச் சுவரெழுத்திலும் பேருந்து விளம்பரத்திலும் ஜன்னலுக்கு வெளியிலும்தான் அதிகம் சொல்லியிருக்கிறார். அதனால் இதை ஃபோனில் பார்க்காதீர்கள். முடிந்தால் இரண்டு முறை பாருங்கள்: முதல் முறை கதைக்கு, இரண்டாம் முறை நாயகனின் தோளுக்குப் பின்னால் நடப்பதற்கு. ஒரு பணக்காரர் காப்பாற்றி வைத்திருக்கும் மைக்கலாஞ்சலோவின் டேவிட் சிலைக்கு ஒரு காலின் கீழ்ப்பகுதி இல்லை. அவர் சாப்பிடும் மேஜைக்குப் பின்சுவரில் பிக்காசோவின் ‘கெர்னிக்கா’ தொங்குகிறது. இனி பார்க்க ஆளே பிறக்கப்போவதில்லை என்கிற உலகத்தில் ஓவியத்தைச் சேர்த்து வைப்பவனின் பைத்தியம், அந்த ஒரே அறையில் தெரிந்துவிடும்.

‘28 டேஸ் லேட்டர்’ (2002) படத்தை 4கே தரத்தில் தேடி அலைய வேண்டாம். ஏறக்குறைய முழுப் படமும் கேனன் எக்ஸ்எல்1 என்ற, சின்ன வீடியோ டேப்பில் (MiniDV) பதியும் கேமராவில் எடுத்தது. மங்கலும் புள்ளிகளும் படத்தோடு வந்தவை; உங்கள் இணைய வேகத்தின் குற்றம் அல்ல. ஷார்ப்னஸைக் கூட்டினால் முகங்களைச் சுற்றி வெள்ளைக் கோடு விழும், அவ்வளவுதான். அந்தச் சின்னக் கேமராக்களைச் சட்டென்று வைத்து எடுக்க முடிந்ததால்தான், விடியற்காலையில் போக்குவரத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வெறிச்சோடிய லண்டனைப் பிடிக்க முடிந்தது. கடைசிக் காட்சிகள் மட்டும் 35 எம்எம் ஃபிலிமில் எடுத்தவை. படம் திடீரென்று தெளியும்போது மூச்சும் லேசாகும்.

‘எ கொயட் பிளேஸ்’ (2018) பார்க்கும்போது சிக்கல் டிவியில் இல்லை, சீலிங் ஃபேனில்! சத்தம் போட்டால் உயிர் போகும் உலகம் இது; இங்கே தட்டுப்பாடு சத்தத்துக்கு. அந்த நிசப்தத்தின் மேல் ஃபேன் கடகடவென்று ஓடினால் பயத்துக்கே வழியில்லை. ஃபேனைக் குறையுங்கள், ஹெட்ஃபோன் இருந்தால் மாட்டுங்கள். சவுண்ட்பாரில் ‘நைட் மோடு’ இருந்தால் அணையுங்கள். அது மெல்லிய ஒலியைத் தூக்கி, பெரிய ஒலியை அமுக்கிவிடும். இந்தப் படம் பிழைப்பதே அந்த இடைவெளியில்தான். வசனம் பாதிக்கு மேல் சைகை மொழியில் என்பதால், மொழிபெயர்ப்பு வரிகள் சரியாக வருகின்றனவா என்று முதல் சில நிமிடங்களிலேயே பார்த்துவிடுங்கள்.

வீட்டில் சிறுபிள்ளைகள் இருந்தால் ‘வால்-ஈ’ (2008). ஆளில்லாத பூமியில் குப்பை அள்ளும் ரோபோ, வைர மோதிரத்தை வீசிவிட்டு அதன் டப்பாவைப் பத்திரப்படுத்துகிறது. முதல் அரை மணி நேரத்துக்கும் மேல் பேச்சு ஏறக்குறைய கிடையாது, “என்ன நடக்குது?” என்று பிள்ளைகள் கேட்டால் பதில் சொல்லாதீர்கள், அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

சனி ஞாயிறில் பார்ப்பதானால் ஒரு நாளைக்கு இரண்டு படம் போதும். கனமானது முதலில், வேகமானது பிறகு. சனி மாலை ‘சில்ட்ரன் ஆஃப் மென்’, இரவு ‘மேட் மேக்ஸ் 2’. ஞாயிறு பகலில் ‘வால்-ஈ’, இருட்டியதும் ‘ஃப்யூரி ரோடு’. ‘28 டேஸ் லேட்டர்’, ‘எ கொயட் பிளேஸ்’ இரண்டும் அடுத்த வாரத்துக்கு. பலரும் செய்யும் தவறு, ‘தி ரோடு’ (2009) மாதிரி சாம்பல் பூத்த படத்தோடு தொடங்கி அன்றைக்கே இன்னொன்றையும் போடுவது; இரண்டாவது படம் தலையில் ஏறாது. அணுகுண்டுக்குப் பிறகான இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரைக் காட்டும் பிபிசியின் ‘த்ரெட்ஸ்’ (1984) படத்தையும் தூங்கப்போகும் நேரத்தில் தொடாதீர்கள். அதில் எல்லாரையும் காப்பாற்ற ஒரு நாயகன் கிடையாது.

இன்னும் ஒன்று, 1968-இல் வந்த ‘பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்’ பார்க்காதவர் யாராவது கூட இருந்தால், டிவிடி அட்டையையோ செயலியில் வரும் சிறுபடத்தையோ அவர் கண்ணில் காட்டாதீர்கள். பல பதிப்புகளில் முடிவையே அட்டையில் அச்சடித்திருக்கிறார்கள்.