முட்டிவலிக்காரர்கள் பினாங்கு போக

சென்னை, லண்டன் என்று சிதறிக் கிடக்கும் பழைய கூட்டாளிகள் கோலாலம்பூர் வருகிறார்களா? பினாங்குக்குப் பேருந்து வேண்டாம். கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் இடிஎஸ் என்ற மின்சார விரைவு ரயில் ஏறினால் ஏறக்குறைய 4 மணி நேரத்தில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த். ரயிலுக்குள்ளேயே கழிப்பறை உண்டு. நம் வயதில் அதுதானே முக்கியம்! பள்ளி விடுமுறை, பெருநாள் சமயம் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்பே எடுத்துவிடுங்கள். நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் ஃபெரி. அக்கரையில் ஜார்ஜ்டவுன், லிட்டில் இந்தியாவில் பசியாறலாம்.

இன்னொன்று. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் மலேசியாவில் இறங்குவதற்கு முந்தைய 3 நாள்களுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், காசு கேட்கும் தளம் என்றால் உடனே மூடிவிடுங்கள். கைப்பேசியில் பொடி எழுத்து தெரியாதவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் நிரப்பித் தரட்டும், பாஸ்போர்ட் எண்ணை மட்டும் நீங்களே சரிபாருங்கள்.