நீலகிரிக்குப் போகிறவர்கள் காதுகுத்துத் தேதியை முதலில் கேளுங்கள்

ஊரில் சுபகாரியம் ஏதாவது வைத்திருந்தால், விமானம் இறங்கும் நாளுக்கும் அதற்கும் நடுவே ஒரு வாரமாவது இருக்கட்டும். ஃப்ளூ தொற்றினால் ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் காட்டிக்கொடுத்துவிடும். கொரோனாவும் இப்போதெல்லாம் பெரும்பாலும் சில நாட்களிலேயே வெளிப்படுகிறது. வழியில் வாங்கிய கிருமி அந்த வாரத்துக்குள் தெரிந்துவிட்டால் விடுதியில் படுத்துக்கொள்ளலாம். பந்தல் போட்ட பிறகு தெரிந்தால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன்.

கோத்தகிரிப் பக்கம் தங்கை வீடு. அவள் மகளுக்குக் காதுகுத்து; தாய்மாமன் நான். விழாவுக்கு முந்தின இரவு எனக்கு உடம்பு கொதித்தது. விடுதியிலிருந்தே தங்கைக்குப் போன் செய்தேன். அவள் புரிந்துகொண்டாள். போனை அவளுடைய மாமனார் வாங்கினார்.

“மாமன் மடியில்லாமல் எங்கள் வீட்டில் காது குத்தியதில்லை, தம்பி. காய்ச்சல்தானே? மலைக்குளிர் உங்களுக்கு மறந்துபோயிற்று. மிளகு ரசம் வைக்கச் சொல்கிறேன், வாருங்கள்.”

தேயிலைத் தொழிற்சாலையிலேயே வேலை பார்த்து வயதானவர் அவர். இழுப்பு உண்டு, சட்டைப் பையில் எப்போதும் இன்ஹேலர் இருக்கும். அந்த வீட்டிலேயே நான் பயந்தது அவருக்காகத்தான். அதைச் சொன்னதும் அவமதிப்பாகிவிட்டது. விடிவதற்குள் மச்சான் ஜீப்போடு விடுதி வாசலில் நின்றார். பெரியம்மா வீடியோவில் அழுதார். முகக்கவசத்தோடு ஐந்தே நிமிடம் உட்கார்ந்தால் போதும் என்று பேரம் பேசினார்கள். ஊசி குத்தும்போது வீறிட்டு அழும் கைக்குழந்தையின் முகம் மாமன் முகத்துக்கு எத்தனை அங்குலத்தில் இருக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை. கடைசியில் மாமனார் மறுபடி போனில் வந்தார். “அப்பா காரியத்துக்கும் வரவில்லை. இதற்கும் வரமாட்டீர்கள்” என்றார்.

அப்பா போனது 2021 மே மாதம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வழக்கமான பன்னாட்டு விமானங்கள் 2022 மார்ச்சில்தான் மீண்டும் பறந்தன. நடுவில் ஓடிய சிறப்பு விமானங்களில் இடமில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மைதான். இடம் கிடைத்திருந்தால் ஏறியிருப்பாயா என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

சித்தப்பா மகன் மடியில் உட்கார வைத்துக் குத்தினார்கள். காதுகள் நன்றாகவே ஆறின. ஆகவே டிக்கெட் எடுக்கும்போதே, “எனக்குக் காய்ச்சல் வந்தால் இன்னார் உட்காருவார்” என்று பெயரோடு சொல்லிவிடுங்கள். தங்கையிடம் அல்ல, வீட்டுப் பெரியவரிடம். மொய்யையும் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். அதில் கிருமி இருப்பதாக யாரும் சந்தேகப்படுவதில்லை.

மலையில் உள்ள பெரிய சிக்கல், எந்த இருமலுக்கும் குளிரின்மேல் பழி போட்டுவிடுவது. 1907இல் தொடங்கிய பாஸ்டர் நிலையம் குன்னூரில் இருக்கிறது, தடுப்பூசி தயாரிக்கிறது. பக்கத்து ஊரில் ரசம் வைக்கிறார்கள். குளிர் கிருமியை உண்டாக்காது. குளிருக்காக அடைத்த ஜன்னல்தான் அதை வீட்டுக்குள் சுற்றவிடுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் பஸ்ஸிலும் மூடுபனி வந்ததும் கண்ணாடிகளை இழுத்துவிடுவார்கள். என்-95 முகக்கவசம் அங்கேதான் தேவை, காலியான தேயிலைத் தோட்டத்தில் படம் எடுக்கும்போது அல்ல. விருந்தாளி இருக்கும் அறையில் ஜன்னலை ஒரு கை அகலமாவது திறந்து வையுங்கள். கரியடுப்பை மூடிய அறைக்குள் வைத்துக் குளிர்காயவே கூடாது. அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு, எந்த வைரஸையும்விட வேகமாகக் கொன்றுவிடும்.

ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை எடுத்துப் போங்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். நலமாக இருப்பவருக்கே அது சமவெளியைவிடச் சற்றுக் குறைத்துக் காட்டும். போன அன்றே உங்கள் அளவைக் குறித்துக்கொண்டால் பிறகு வீணாகப் பதற வேண்டியதில்லை. ஓய்வாக இருக்கும்போதே 92க்குக் கீழ் போனாலோ, பேச மூச்சு வாங்கினாலோ 108ஐ அழையுங்கள். ஃப்ளூ மருந்தான ஒசெல்டாமிவிர் முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். மருத்துவரிடம் தள்ளிப்போடாமல் போங்கள். மருந்துக் கடையில் தாமாகவே எடுத்து நீட்டும் ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. மாத்திரை போடாமலே காய்ச்சல் விட்டு ஒரு முழு நாளாகி, மற்ற தொந்தரவுகளும் குறைந்த பிறகு வெளியே வாருங்கள். அதற்குப் பிறகும் சில நாட்கள் முகக்கவசம் இருக்கட்டும்.

காரில் போனால் இ-பாஸ் வேண்டும், 2024 மே முதல் இதுதான் நடைமுறை. அரசு பஸ்ஸுக்குத் தேவையில்லை.

ஃப்ளூ தடுப்பூசி பலன் தர இரண்டு வாரம் ஆகும். நீங்கள் கிளம்புமுன் போட்டுக்கொள்ளுங்கள். ஊர்ப் பெரியவருக்கும் மருத்துவரைக் கேட்டுப் போடச் சொல்லுங்கள், செலவு உங்களுடையது என்று. நான் சொன்னேன். “ஊசி போட்டுக்கொண்டு வந்த உங்களுக்குத்தானே, தம்பி, காய்ச்சல் வந்தது?” என்றார் மாமனார். ஊசி போட்டதால்தான் அது காய்ச்சலோடு நின்றிருக்கும், இழுப்புள்ளவருக்கு அதுதான் முக்கியம் என்று விளக்குவதற்குள் போன் தங்கை கைக்குப் போய்விட்டது. ஆகவே போனில் சொல்லிப் பயனில்லை. அவர் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரை அவள் மூலம் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் சொன்னால் போட்டுக்கொள்வார்.